இணையதளம் 84 என்கிறது, தரகர் 64 என்கிறார்

கேட்டவர் எழுதியது சுருக்கமாக இது: கடலூர் கூத்தப்பாக்கத்தில் அப்பா 1998-இல் கட்டிய வீடு. மனை 1,800 சதுர அடி. தரைத்தளம் மட்டும், 1,350 சதுர அடி. அப்பா போய்விட்டார், அம்மா சென்னையில் எங்களோடு இருக்கிறார், வீட்டை விற்றுவிடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். வீட்டு விலை சொல்லும் இணையதளம் ஒன்றில் விவரம் போட்டால் 84 லட்சம் என்று வருகிறது. அப்பாவுக்குப் பழக்கமான தரகர் வந்து பார்த்துவிட்டு 62-இலிருந்து 65 வரை போகும் என்கிறார். 20 லட்சம் வித்தியாசம். அவர் ஏமாற்றுகிறாரா? இந்த மாதிரித் தளங்கள் வந்த பிறகும் தரகர் எதற்கு?

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். விலை விஷயத்தில் அவர் ஏமாற்றவில்லை. நீங்கள் கொடுத்த அளவுகளை வைத்து நானே கணக்குப் போட்டாலும் அவர் சொன்ன இடத்தில்தான் வந்து நிற்கிறது. ஆனால் உங்களுக்குச் சந்தேகம் வந்ததில் தப்பே இல்லை. 20 வருஷம் முன்னால் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், தரகர் சொல்லும் விலையை நம்பாதீர்கள் என்று நானே எழுதியிருப்பேன். அதற்கு ஒரு காரணம் உண்டு, கீழே வருகிறது.

நான் கட்டடப் பொறியாளர். வங்கி வீட்டுக் கடன் கொடுப்பதற்கு முன் வீட்டை நேரில் அளந்து பார்த்து மதிப்பு எழுதிக் கொடுக்கிற வேலை. கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி, புதுச்சேரி என்று சுற்ற ஆரம்பித்து 19 வருஷம் ஆகிறது. வீடு விற்றால் எனக்கு ஒரு பைசா கமிஷன் கிடையாது.

உங்கள் வீட்டுக்கு வருவோம். மனை சதுர அடி 2,600 என்று வைத்துக்கொள்வோம். ரோட்டின் அகலம், வீடு பார்த்த திசை, தெருக்குத்து இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து இருநூறு முந்நூறு ஏறும், இறங்கும். 1,800 அடிக்கு 46.8 லட்சம். கட்டடத்தை இன்றைக்குப் புதிதாகக் கட்டினால் சதுர அடி 2,200 என்று போட்டால் 29.7 லட்சம். ஆனால் உங்கள் கட்டடத்துக்கு வயது 27. கான்கிரீட் கட்டடத்துக்கு ஆயுள் 60 வருஷம் என்று எடுத்துக்கொண்டு, இடித்தால் மிஞ்சும் பொருளுக்கு 10 சதவீதம் விட்டுவிட்டு, வருஷா வருஷம் தேய்மானம் கழிப்பது எங்கள் வழக்கம். 27 வருஷத்துக்கு 40 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே போய்விடுகிறது. மிச்சம் 17.7 லட்சம். இரண்டையும் கூட்டினால் 64.5. உங்கள் தரகர் டேப்பும் எடுக்கவில்லை, கால்குலேட்டரும் எடுக்கவில்லை. நின்று பார்த்துவிட்டு 62-லிருந்து 65 என்று சொல்லியிருக்கிறார். அனுபவம் உள்ள ஆள் என்று அதிலேயே தெரிகிறது.

அப்படியானால் 84 எங்கிருந்து வந்தது? 84 லட்சத்தை 1,350-ஆல் வகுத்துப் பாருங்கள். சதுர அடிக்கு 6,200 சொச்சம். புதிதாகக் கட்டி, டைல்ஸ் பளபளக்க விற்பனைக்கு நிற்கும் வீடுகளின் விளம்பர விலை மாதிரி இருக்கிறது. அந்தப் பக்கத்தில் விளம்பரம் ஆகியிருக்கும் வீடுகளின் விலையை அவற்றின் கட்டடப் பரப்பால் வகுத்து, கிடைத்த விகிதத்தை உங்கள் அப்பாவின் வீட்டுப் பரப்போடு பெருக்கினால் இப்படித்தான் வரும். 1998-இல் போட்ட மொசைக் தரையும், அந்தக் காலத்து ஒயரிங்கும், மாடியில் விழுந்திருக்கும் விரிசலும் அந்தப் பெருக்கலில் எங்கேயும் வராது.

இதைவிடப் பெரிய சங்கதி, அது விளம்பர விலை. நம் ஊரில் விலை சொல்வது வேறு, விலை படிவது வேறு. மீன் மார்க்கெட்டில்கூட முதலில் சொன்ன விலைக்கு யாரும் வாங்குவதில்லை. வீடு விற்கிறவர் 80 சொல்வார், 70-க்குப் பேரம் படியும், பத்திரத்தில் வேறு ஒரு தொகை எழுதுவார்கள். தளத்துக்குத் தெரிவது அந்த முதல் எண் ஒன்றுதான். 70-க்குப் படிந்த பிறகும் விளம்பரத்தை யாரும் எடுப்பதில்லை, அது 80 என்றே மாதக் கணக்கில் கிடக்கிறது. ஒரே வீட்டை மூன்று தரகர்கள் மூன்று விலையில் போட்டிருப்பார்கள். போன மாதம் வண்ணாரப்பாளையத்தில் ஒரு வீட்டை அளக்கப் போயிருந்தேன். வாசலில் நின்றபடியே செல்போனில் தேடினால், அதே பச்சைக் கேட், அதே வேப்ப மரம், மூன்று விளம்பரம். ஒன்றில் 58, ஒன்றில் 66, இன்னொன்றில் 72. கணினிக்கு அது மூன்று வீடு.

அப்புறம், 84 என்று போட்டதைப் பார்த்து நீங்கள் 84 சொல்வீர்கள். உங்கள் விளம்பரம் தளத்தில் ஏறும். அடுத்த தெருக்காரர் தன் வீட்டைப் போடும்போது உங்கள் 84-ம் அவர் கணக்கில் சேரும். ஒரு வீடுகூட அந்த விலைக்கு விற்காமலே ஒரு தெருவின் விலை ஏறிக்கொண்டு போகிற மாதிரி தெரியும்.

இந்த யோசனை அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே சில்லோ என்ற நிறுவனம் 2006-இல் கோடிக்கணக்கான வீடுகளுக்கு விலை போட்டு இலவசமாகக் காட்டியது. அங்கே அது ஓரளவு எடுபடுவதற்குக் காரணம், பெரும்பாலான மாநிலங்களில் வீடு உண்மையில் என்ன விலைக்குப் போனது என்பது பொதுப் பதிவில் இருக்கிறது. தரகர்கள் எல்லாரும் சேர்ந்து வைத்திருக்கும் விற்பனைப் பட்டியலும் உண்டு. அவ்வளவு இருந்தும், விற்பனைக்கு வராத வீடுகளில் பாதிக்குத் தங்கள் கணக்கு 7 சதவீதத்துக்கும் மேலே தவறுகிறது என்று அந்த நிறுவனமே வெளியிடுகிறது. 2016-இல் அதன் தலைமை அதிகாரியாக இருந்த ஸ்பென்சர் ராஸ்காஃப் தன் சியாட்டில் வீட்டை 10.5 லட்சம் டாலருக்கு விற்றார். அவருடைய சொந்தத் தளம் அதற்கு 17.5 லட்சம் டாலர் காட்டிக்கொண்டிருந்தது. 2018-இல் அந்த நிறுவனம் தானே வீடுகளை வாங்கி விற்கத் தொடங்கி, பல வீடுகளை அதிக விலைக்கு வாங்கி மாட்டிக்கொண்டு, 2021 நவம்பரில் அந்தத் தொழிலையே மூடியது. ஊழியர்களில் கால்வாசிப் பேருக்கு வேலை போயிற்று. விற்ற விலை கையில் இருக்கும் ஊரிலேயே இந்தக் கதி. சொன்ன விலையை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு வட்டாரத்துக்கு இருபது முப்பது விளம்பரம்கூட இல்லாத கடலூரில் அது என்ன செய்யும்?

கணினிக்குத் தெரியாத இன்னொன்று தண்ணீர். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையோடு சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை உடைப்பெடுத்தது நினைவிருக்கும். குண்டு உப்பலவாடி, கண்டக்காடு, நாணமேடு பக்கமெல்லாம் வீட்டுக்குள் ஆறு ஓடியது. நாலைந்து மாதம் கழித்து அந்தப் பக்கம் ஒரு வீட்டுக்கு மதிப்புப் போடப் போனேன். புது பெயின்ட் அடித்து அழகாக வைத்திருந்தார்கள். ஹாலில் ஒன்றும் தெரியவில்லை. படுக்கையறையில் மர பீரோவைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னேன். பீரோவுக்குப் பின்னால் பெயின்ட் அடிக்கவில்லை. சுவிட்ச் பெட்டிக்கு ஒரு சாண் கீழே, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி பழுப்பு நிறத்தில் ஒரு வரி. டேப் வைத்தால் 3 அடி 2 அங்குலம். வீட்டு அம்மா மறைக்கவில்லை. "இன்னா பண்றது சார், ராத்திரி கட்டில் மேல கட்டில் போட்டு உக்காந்துனு இருந்தோம்" என்றார். அன்று சாயங்காலம் தளத்தில் பார்த்தேன். அந்த வட்டாரத்துக்கு விலை போன வருஷத்தைவிடக் கூடியிருப்பதாகக் காட்டியது.

அந்தப் பக்கத்துத் தரகருக்கு எந்தத் தெருவில் தண்ணீர் முழங்கால் அளவு வந்தது, எந்தத் தெருவில் வாசல்படியோடு நின்றது என்று தெரியும். சிப்காட் ஆலைகள் பக்கமிருந்து காற்று திரும்பினால் எந்த நகரில் ஜன்னலைச் சாத்த வேண்டியிருக்கும், எந்தத் தெருவில் போர் தண்ணீர் உப்பு, எந்த மனைப்பிரிவில் பூங்காவுக்கு விட்ட இடத்தை ஆக்கிரமித்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அதையெல்லாம் உங்களிடம் சொல்வாரா என்பது வேறு விஷயம். ஆனால் தெரியும்.

புதுச்சேரிப் பக்கம் வீடு தேடுகிறவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் கூடுதலாக இருக்கிறது. கடலூரிலிருந்து பாண்டிக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியும், கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம் என்று புதுவை வரும், ரெட்டிச்சாவடியில் திரும்பத் தமிழ்நாடு வரும், தவளக்குப்பத்தில் மறுபடி புதுவை. அரை மணி நேரத்தில் எல்லைக்கோடு எத்தனை தடவை குறுக்கே வருகிறது பாருங்கள். ஒவ்வொரு தடவையும் பத்திரச் செலவு மாறுகிறது, அரசு குறித்து வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு மாறுகிறது, மனை அங்கீகாரம் கொடுக்கும் அலுவலகம் மாறுகிறது. நிலத்தை அளக்கிற கணக்கே மாறுகிறது, இங்கே சென்ட் என்போம், அங்கே பழைய பிரெஞ்சு வழக்கப்படி பத்திரத்தில் ஆர், சென்டியார் என்று இருக்கும். ஒரு ஆர் என்பது 100 சதுர மீட்டர், நம் கணக்கில் 1,076 சதுர அடி. பின்கோடும் துணைக்கு வராது. ஆரோவில் விழுப்புரம் மாவட்டம், பின்கோடு 605-இல் தொடங்கும். பாகூர் புதுவை, ஆனால் கடலூரின் 607. தளத்தில் இதெல்லாம் சேர்ந்து ‘கடலூர் ரோடு, பாண்டிச்சேரி’ என்ற ஒரே வட்டாரமாகி, ஒரே சராசரி விலையாக நிற்கிறது. பிரெஞ்சுக்காரர் காலத்து வீடுகள் இருக்கும் கடற்கரைத் தெருக்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், வருஷத்துக்கு விரல்விட்டு எண்ணும் கைமாற்றங்கள்தான். அங்கே சராசரி என்ற பேச்சுக்கே இடமில்லை.

இப்போது தரகர்கள் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு மனசு அதிகம் வேகிறது இதில்தான்.

முதலில் அவர்கள் செய்த தப்பைச் சொல்லிவிட வேண்டும். 2003-இல் என் அத்தை திருப்பாதிரிப்புலியூரில் இருந்த ஓட்டு வீட்டை விற்றார். மாமா இறந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ஊரில் நல்ல பெயர் உள்ள ஒரு தரகர் வந்து, "உங்க கைக்கு 5 லட்சம் வந்துடும்மா, மேல வர்றத நான் பாத்துக்கறேன்" என்றார். இதற்குத் தொழிலில் நெட் ரேட் என்று பெயர். அத்தைக்கு அது கருணையாகத் தெரிந்தது. வாங்கினவர் கொடுத்தது 7 லட்சத்துக்கும் மேல் என்பது இரண்டு வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டுப் பேச்சில்தான் தெரிந்தது. அத்தை யாரையும் திட்டவில்லை. "எனக்கு யாரு சொல்லுவா" என்று மட்டும் சொன்னார். விலை என்ன என்று கேட்கக்கூட ஒரு ஆள் இல்லாத நிலை அது. அன்றைக்கு இப்படி ஒரு தளம் இருந்து, அதில் எவ்வளவு தப்பான விலை காட்டியிருந்தாலும், அத்தை 5 லட்சத்துக்குத் தலையாட்டியிருக்க மாட்டார். அதனால் தளங்களே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். வாங்குகிறவரையும் விற்கிறவரையும் சந்திக்க விடாமல் நடுவில் நின்று விலையை மறைத்த வேலைக்கு அவை பெரிய அடி கொடுத்திருக்கின்றன. அது நல்லதுதான்.

ஆனால் அந்த அடி தப்பான ஆள் மேலும் விழுகிறது. உங்கள் வீட்டுக்கு மூன்று தரகர்கள் வருகிறார்கள் என்று வையுங்கள். நீங்கள் 84 என்று பார்த்து வைத்திருப்பது மூன்று பேருக்கும் தெரியும், ஏனென்றால் இப்போது எல்லாரும் பார்த்துவிட்டுத்தான் கூப்பிடுகிறார்கள். ஒருவர் 64 என்கிறார். ஒருவர் மழுப்புகிறார். மூன்றாமவர், "84 என்னா சார், 88-க்கே முடிச்சுத் தரேன், சாவியக் குடுங்க" என்கிறார். சாவி யார் கைக்குப் போகும்? மூன்றாமவர் கைக்குத்தான். அவருக்கும் 88-க்குப் போகாது என்று தெரியும். சாவி கையில் வந்த பிறகு மாதத்துக்கு ஒரு பார்ட்டியைக் கூட்டி வருவார், ஒருத்தர் 60 கேட்பார், ஒருத்தர் 58 கேட்பார், "மார்க்கெட் டல்லு சார்" என்பார். ஏழெட்டு மாதத்தில் நீங்களே களைத்துப்போய் 60-க்கு ஒத்துக்கொள்வீர்கள். பூட்டிக் கிடந்த வீட்டில் ஒரு மழைக்காலம் கடந்திருக்கும், மாடியில் ஆலங்கன்று முளைத்திருக்கும், ‘ரொம்ப நாளா விக்காத வீடு, என்னமோ இருக்கு’ என்ற பேச்சும் ஊரில் கிளம்பியிருக்கும். முதல் நாளே 64 என்று உண்மையைச் சொன்ன ஆள் உங்கள் மனதில் ஏமாற்றுக்காரராகவே நின்றுவிடுவார்.

நல்ல தரகர்கள் இதனால் தொழிலை விட்டுப் போவதைப் பார்க்கிறேன். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே டீக்கடையில் காலை பத்து மணிக்கு உட்கார்ந்திருக்கும் பழைய ஆட்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. இருக்கிறவர்களில் சிலர் உண்மை விலையைச் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். "சார், நெஜத்தச் சொன்னா அடுத்த நிமிஷம் கேட்ட சாத்தறாங்க" என்றார் ஒருவர். முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருப்பவர், வில்லங்கம் இருந்தால் தன் கமிஷன் போனாலும் வாங்காதீர்கள் என்று சொல்கிறவர். அவர் இப்போது விலை கேட்டால், "நீங்களே ஒரு வெல சொல்லுங்க, பாப்போம்" என்று ஒதுங்கிக்கொள்கிறார். அவரிடமிருந்து உங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஒரே பெரிய உதவி அந்த விலைதான்.

ஒரு எண்ணை முதலில் பார்த்துவிட்டால் மனசு அதைச் சுற்றியே வரும். 1987-இல் அமெரிக்காவின் டூசான் நகரத்தில் நார்த்கிராஃப்ட், நீல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு வீட்டை நேரில் காட்டி, ஒவ்வொரு குழுவுக்கும் வெவ்வேறு விளம்பர விலை எழுதின தாளைக் கொடுத்து மதிப்புப் போடச் சொன்னார்கள். மாணவர்கள் மட்டும் இல்லை, தொழில் செய்யும் தரகர்களும் தாளில் இருந்த விலையின் பக்கம் சாய்ந்தார்கள். அதைப் பார்த்துத்தான் போட்டோம் என்று அவர்களில் பெரும்பாலோர் ஒத்துக்கொள்ளவும் இல்லை. என் வேலையிலும் இந்த ஆபத்து உண்டு. அதனால் வீட்டை அளந்து முடிக்கும் வரை ‘என்ன விலை பேசியிருக்கிறீர்கள்’ என்று நான் கேட்பதில்லை, அவர்களாகச் சொல்ல வந்தாலும் தடுத்துவிடுவேன்.

வாங்குகிறவர் படும் பாடு தனி. இரண்டு வருஷம் முன்னால் செம்மண்டலம் பக்கம் ஒரு வீடு. விற்கிறவர், வாங்குகிறவர் இருவரும் தளத்தைப் பார்த்தே 80 லட்சத்துக்குப் பேசி முடித்துவிட்டார்கள், நடுவில் தரகர் இல்லை. வாங்குகிறவர் 8 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போட்டுவிட்டார். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு, வீட்டின் மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கி கொடுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. 80-இல் 80 சதவீதம், 64 லட்சம் வரும் என்று அவர் கணக்கு. நான் அளந்து மதிப்புப் போட்டதில் 65 லட்சம்தான் வந்தது. கடன் 52 ஆகிவிட்டது. ஒரே நாளில் 12 லட்சம் பள்ளம். பதிவுச் செலவு வேறு இருக்கிறது, தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம். மனுஷன் மறுநாள் காலையில் என் வீட்டு வாசலில் நின்றார். "சார், ஒரு பதினஞ்சு ஏத்திப் போட்டுக் குடுங்க, அட்வான்ஸ் போய்டும் சார், பொண்டாட்டி நகை வெச்ச பணம்." அவருடைய மனைவியும் பைக்கில் உட்கார்ந்திருந்தார், இறங்கவில்லை. நான் ஏற்றிப் போடவில்லை. போட்டிருந்தால் அந்தக் கடனை 20 வருஷம் கட்டப்போவது அந்த அம்மாவும்தான். விற்கிறவரோடு பேசி அட்வான்ஸில் பாதியைத் திருப்பி வாங்க இரண்டு மாதம் ஆயிற்று.

தளத்தின் விலை அதிகக் காயம் செய்வது விற்பனையில்கூட இல்லை, பாகப்பிரிவினையில். அண்ணன் பெற்றோர் வீட்டிலேயே இருக்கிறார், தங்கைக்குப் பங்குப் பணம் கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதி வாங்க வேண்டும் என்கிற வீடுகளில், தங்கை வீட்டுக்காரர் செல்போனை நீட்டுகிறார், 90 லட்சம், எங்கள் பங்கு 45. அண்ணன் வழிகாட்டி மதிப்பைக் காட்டுகிறார், 40 லட்சம், உன் பங்கு 20. இரண்டுமே அந்த வீடு விற்கும் விலை இல்லை. வழிகாட்டி மதிப்பு என்பது அரசு பத்திரச் செலவு வசூலிக்க வைத்திருக்கும் அளவுகோல். 2017 ஜூனில் ஒரே உத்தரவில் 33 சதவீதம் குறைந்தது, 2023 ஏப்ரலில் பழைய இடத்துக்கு ஏறியது, 2024 ஜூலையில் மறுபடி மாறியது. அந்த நாட்களில் யாருடைய வீடும் ராத்திரியோடு ராத்திரியாகக் குறையவும் இல்லை, கூடவும் இல்லை. இப்படிப் பேச்சு அறுந்துபோன மூன்று குடும்பங்களை எனக்கு நேரில் தெரியும். உங்களுக்கும் கூடப் பிறந்தவர்கள் இருந்தால், அந்த 84-ஐக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். போட்டிருந்தால் இந்தக் கணக்கையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள்.

சரி, உண்மை விலையை எப்படித் தெரிந்துகொள்வது? யாரும் அதிகம் செய்யாத ஒரு வழி இருக்கிறது. பட்டாவில் உங்கள் புல எண், அதாவது சர்வே நம்பர் இருக்கும். பதிவுத்துறை இணையதளத்தில் உங்கள் புல எண்ணுக்கும் பக்கத்துப் புல எண்களுக்கும் கடைசி மூன்று வருஷத்து வில்லங்கச் சான்றை, அதாவது அந்த இடத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியலை, போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கிரையத்துக்கும் கைமாற்றுத் தொகை என்று ஒரு எண் இருக்கும். அது குறைத்து எழுதப்பட்டிருக்கலாம், அதனால் அதோடு நிற்க வேண்டாம். அதே வீட்டுக்குக் கிரையத்தை ஒட்டி, அதே நாளிலோ அடுத்த சில நாளிலோ, உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு என்று இன்னொரு பதிவு இருக்கிறதா என்று தேடுங்கள். வங்கியில் பத்திரத்தை அடமானம் வைத்த பதிவு அது, கடன் தொகை அதில் இருக்கும். கடன் 44 லட்சம் என்றால், 80 சதவீத விதிப்படி வங்கி அந்த வீட்டை 55 லட்சத்துக்குக் குறையாமல் மதித்திருக்கிறது என்று அர்த்தம். இப்படி நாலு வீடு கிடைத்தால் போதும், உங்கள் தெருவின் விலை கண்ணுக்குத் தெரிந்துவிடும். நான் பார்த்த எந்த விலைத் தளத்திலும் இந்தக் கணக்கு இல்லை.

தரகரிடம் ‘என் வீடு எவ்வளவு போகும்’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘போன ஒரு வருஷத்தில் இந்த ஏரியாவில் நீங்கள் முடித்துக் கொடுத்தது எது, எவ்வளவுக்கு’ என்று கேளுங்கள். நிஜமாகத் தொழில் செய்கிறவர் தெருப் பெயரோடு சொல்வார். 88 என்று சொன்னவரால் ஒன்றுகூடச் சொல்ல முடியாது. நெட் ரேட் பேச்சு வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கமிஷன் இத்தனை சதவீதம் என்று முதலிலேயே பேசி, கிரையத் தொகையை வாங்குகிறவர் வாயால் உங்கள் எதிரில் சொல்ல வைக்க வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். ஒருவர், மிஞ்சினால் இரண்டு தரகர் போதும், இருவருக்கும் ஒரே விலை. பத்துப் பேரிடம் கொடுத்தால் பச்சைக் கேட் வீட்டுக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடக்கும். இன்னும் சந்தேகம் தீரவில்லை என்றால் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவருக்குச் சில ஆயிரம் கொடுத்து அறிக்கை வாங்குங்கள், வாங்குகிறவர் பேரம் பேசும்போது மேஜை மேல் வைக்க அது உதவும்.

இணையதளத்தில் விளம்பரம் கொடுங்கள், தப்பில்லை. சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிற கடலூர்க்காரர்கள் அங்கேதான் தேடுகிறார்கள், நல்ல படங்களாக, அளவு, திசை, ரோட்டின் அகலம், 2024 வெள்ளத்தில் தண்ணீர் வந்ததா என்பதையும் எழுதிப் போடுங்கள். விலை பார்க்க மட்டும் செல்போன் எண்ணைக் கொடுக்காதீர்கள். இலவசமாக விலை சொல்லும் பல தளங்களுக்கு வருமானமே ‘இவர் வீடு விற்க நினைக்கிறார்’ என்ற அந்தத் தகவல்தான். கொடுத்திருந்தால் இத்தனை நாளில் உங்களுக்கே அழைப்புகள் வந்திருக்கும்.

வரி விஷயத்தில் ஒரு வார்த்தை. வழிகாட்டி மதிப்பு கிரையத் தொகையைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால், வருமான வரித்துறை வழிகாட்டி மதிப்பையே விற்ற விலையாக எடுத்துக்கொள்ளும். 50 லட்சமோ அதற்கு மேலோ போனால் வாங்குகிறவர் 1 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும். பாதியை ரொக்கமாகக் கொடுக்கிறேன் என்று யாராவது விலையை ஏற்றிச் சொன்னால் அந்தப் பேச்சே வேண்டாம். அம்மாவுக்கு அந்தப் பணம் வங்கியில் வெள்ளையாக இருப்பதுதான் நிம்மதி.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் 69 சொல்லி ஆரம்பித்து, 64-க்குக் கீழே இறங்க மாட்டேன். அதற்கு முன்னால் அப்பா பெயரில் இருக்கும் பட்டா, வாரிசுச் சான்று, தாய்ப் பத்திரம், வீட்டு வரி ரசீது எல்லாவற்றையும் ஒரு கோப்பில் எடுத்து வையுங்கள். மொட்டை மாடியில் பதித்த தட்டோடுகள் பெயர்ந்திருந்தால் ஐப்பசி மழைக்கு முன் சரிசெய்துவிடுங்கள், மேல்தளத்தில் ஒரு ஈரப் பொட்டு தெரிந்தால் பேரத்தில் லட்சக் கணக்கில் இறக்குவார்கள். அப்புறம் அந்தத் தரகருக்கு நீங்களே போன் செய்யுங்கள். 84-ஐப் பற்றி அவரிடம் கோபமாக ஏதும் பேசியிருந்தால் அதையும் சொல்லி, வந்து இன்னொரு தடவை வீட்டைப் பாருங்கள் என்று கூப்பிடுங்கள். அப்பாவோடு பழகினவர், வருவார்.